நகமும் தளையும்: மரமேறிகளின் வரலாற்றிலிருந்து

போன ஆடியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் இரும்பில் ஒரு ஜோடி நகம் செய்துகொண்டு வந்தான். ஐடிஐயில் வெல்டிங் படிக்கிறவன். செல்போனில் எங்கோ பார்த்திருக்கிறான். உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை, அதில் உள்பக்கமாக வளைந்த நான்கு கூர்முனைகள். கம்பியை வெட்டி, கிரைண்டரில் சீவி, பட்டையில் பற்றவைத்திருந்தான். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் பழைய பள்ளிக்கூடப் பையின் வார். ஜப்பானில் அந்தக் காலத்து ஒற்றர்கள் இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டுதான் மதிலும் மரமும் ஏறினார்கள், 'ஷுகோ' என்று பெயர் என்று எங்களுக்கு வகுப்பே எடுத்தான். பிறகு கொள்ளிடக் கரைத் தென்னையில் சோதித்துப் பார்க்கக் கிளம்பினான். பின்னால் பத்துப் பொடிசுகள்.

இரண்டு எட்டு ஏறியிருப்பான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா சத்தம் போட்டார்.

"டேய், எறங்குடா. மரத்தக் குத்தாத."

"ஏன் தாத்தா, மரத்துக்கு வலிக்குமா?"

"வலிக்குமோ என்னமோ. ஆறாது."

பெரியப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் ஸ்ரீரங்கம் தீவின் தோப்புகளிலும் கொல்லைகளிலும் தென்னை ஏறியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு தாவரவியல் பாடமே இருக்கிறது. வேம்பிலோ புளியிலோ ஆணி அடித்தால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலம் புதுத் திசுவை உண்டாக்கிக் காயத்தைச் சுற்றி மூடிக்கொண்டு வரும். தென்னைக்கும் பனைக்கும் அந்தப் படலம் கிடையாது. இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள், புல்லின் உறவுக்காரர்கள். தண்டில் ஒரு துளை விழுந்தால் மரம் சாகிறவரை அந்தத் துளை துளையாகவே இருக்கும். அந்த வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். தென்னந்தண்டில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேளாண் துறை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் மின்கம்பம் ஏறுகிறவர்கள் காலில் இரும்பு முள் கட்டுவார்கள். கம்பத்துக்கு உயிர் இல்லை, அதனால் பரவாயில்லை. மரம் வெட்டுகிறவர்களும் கட்டுவார்கள். எப்படியும் சாகப்போகிற மரம். பிலிப்பைன்ஸில் தென்னந்தண்டிலேயே படி வெட்டி ஏறுகிற பழக்கம் உண்டு. நம் ஊரில் ஒரு பனையில் தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில், தலைமுறை தாண்டி ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் குத்தினால் அந்த மரம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஆகவே நம்மவர்கள் நகம் செய்யவில்லை. தளை செய்தார்கள்.

தளை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு கயிற்று வளையம், அவ்வளவுதான். இரண்டு பாதத்தையும் அதற்குள் நுழைத்து, மரத்தின் இரு பக்கமும் உள்ளங்காலைப் பதிக்க வேண்டும். உடம்பின் கனம் பாதங்களை விலக்கப் பார்க்கும். வளையம் விலக விடாது. விலக முடியாத பாதம் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு கனமோ அவ்வளவு பிடி. விழவைக்கப் பார்க்கிற பாரத்தையே பிடிமானமாக மாற்றுகிற இந்த யோசனையை ஓர் எந்திரப் பொறியாளர் கண்டுபிடித்திருந்தால் அதற்கு அவர் பெயர் வைத்திருப்பார்கள்.

இதைக் கடையில் விற்கமாட்டார்கள். ஏறுகிறவன் தன் காலுக்குத் தானே முறுக்கிக்கொள்ள வேண்டும். பனை ஏறுகிறவர்கள் பனைமட்டையிலிருந்து நாரைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து முறுக்குவார்கள். தென்னைக்குத் தேங்காய் நார்க் கயிறு போதும், அவசரத்துக்குச் சாக்கும் பழைய வேட்டியும் கூட உதவும். தளைநார் என்று தெற்கே சொல்வார்கள், திளாப்பு என்றும் சொல்வதுண்டு. வளையம் ஒரு விரற்கடை அகன்றுவிட்டால் பாதம் வழுக்கும், குறுகிவிட்டால் கால் மரத்துப்போகும். பெரியப்பா தன் தளையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். அவர் காலளவு அவருக்குத்தான் பொருந்தும் என்பார்.

பனையேறியின் மற்றச் சாமான்களும் இப்படித்தான். பாளை சீவும் அரிவாள் மட்டும் கொல்லர் பட்டறையிலிருந்து வரும். பாளையை நசுக்கும் கடிப்பு, அரிவாளை வைக்கும் பெட்டி, அடிமரத்தில் சாத்திக் காலை ஊன்றி ஏறும் முருக்குத்தடி எல்லாம் வீட்டில் செய்தவை. மரம் கொடுத்ததை வைத்தே மரம் ஏறுவது. இதை எளிமை என்று வியக்கிறவர்கள் உண்டு. எனக்கு வியப்பதற்கு மனசு வரவில்லை. முதல் போட்டு நல்ல கருவி செய்துகொள்ள இந்த மனிதர்களிடம் பணம் இருந்ததில்லை. மரத்துக்குச் சொந்தக்காரனுக்கு அந்த அக்கறை இருந்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு நாற்பது பனை, ஒவ்வொன்றும் ஐம்பது அடி, காலையும் மாலையும் ஏற வேண்டும். ஏற்றம் மட்டும் நாலாயிரம் அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. ஒரு பனையேறி பருவகாலத்தில் தினமும் ராஜகோபுரத்தை ஏறக்குறைய 17 தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். படி இல்லை, பிடி இல்லை, கீழே வலை இல்லை.

மரத்தில் காயம் படவில்லை. காயம் முழுக்க ஏறினவன் உடம்பில். கருக்கும் செதிலுமான பனந்தண்டை நெஞ்சோடு அணைத்துத்தான் ஏற வேண்டும். மார்புத் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, கடைசியில் காய்த்துப் போகும். சிலர் மார்புக்குத் தோல் துண்டு கட்டினார்கள். முன்கையின் உட்பக்கம், கணுக்கால், பாதத்தின் வளைவு எங்கும் காய்ப்பு. பெரியப்பாவின் மார்பில் அடர்ந்த கருப்பாக இரண்டு பட்டை இருக்கிறது. தென்னைதான் ஏறினார், பனை அளவுக்கு அது முரடில்லை. ஆனாலும் இருக்கிறது. சின்ன வயதில் அது அவருக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தேன்.

ஊரும் அப்படித்தான் நினைத்தது என்பது பிறகு வரலாறு படித்தபோது தெரிந்தது.

காவிரிச் சமவெளியின் சோழர் காலச் செப்பேடுகளைப் பார்த்தால் பிரமதேயமாக விடப்பட்ட ஊர்களில் எதெல்லாம் செய்யலாம் என்று நீளமாக ஒரு பட்டியல் வரும். சுட்ட செங்கல்லில் மாடமாளிகை எடுக்கலாம். கிணறு வெட்டலாம். தமனகமும் செங்கழுநீரும் நடலாம். அதே மூச்சில், ஈழவர் அங்கே தெங்கும் பனையும் ஏறக்கூடாது என்றும் வரும். ஈழம் என்றால் பழந்தமிழில் கள். ஈழவர் கள் இறக்குகிறவர்கள். அவர்கள் தலையில் ஈழப்பூட்சி என்று ஒரு வரியும் இருந்தது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை விட்டபோது வெட்டிய கல்வெட்டுகளில், வரி நீக்கிக் கணக்கிட்ட நிலங்களில் பறைச்சேரியோடு ஈழச்சேரியும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனி வரி, ஏறக்கூடாத மரம் எல்லாம் தயார்.

பார்த்தீர்களா, சோழன் காலத்திலேயே மதுவிலக்கு என்று யாராவது மகிழ்ச்சி அடையக்கூடும். கள் இறக்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விலக்கு யாருடைய பெயரில் எழுதப்பட்டது என்று பாருங்கள். கள்ளின் பெயரில் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயரில். சரி, அந்த ஊர்களில் தேங்காயை யார் பறித்தார்கள்? மாளிகை எடுத்தவர்கள் தாங்களே ஏறிப் பறித்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. செப்பேடு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பனையேறி என்றதும் நம் நினைவுக்கு வருவது தென்மாவட்டத்துச் சாணார்கள், இன்றைய நாடார்கள். அவர்கள் பட்டியல் சாதி இல்லை. இன்றைக்கு அந்தச் சமூகத்தின் ஒரு பகுதி நம் மக்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பது பற்றி இதே இடத்தில் நான் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் கயிற்றின் வரலாற்றை எழுதும்போது அவர்கள் பட்டதை விட்டுவிட்டு எழுத முடியாது. திருவிதாங்கூரில் சாணார்ப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்வதற்கே பல ஆண்டுகள் அடிபட வேண்டியிருந்தது. 1859இல் அரச ஆணை வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. பெண்ணின் மார்புக்குத் துணி மறுக்கப்பட்டது, ஆணின் மார்பில் மரம் எழுதிய வடு. இரண்டையும் பார்த்தவுடன் ஊருக்குச் சாதி தெரிந்துவிடும்.

1897இல் கமுதியில் நாடார்கள் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் போனார்கள். இராமநாதபுரம் ஜமீன் தரப்பு வழக்குப் போட்டது. மதுரை சார்பு நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம் என்று போய், கடைசியில் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கள் இறக்குவது அவர்களின் பரம்பரைத் தொழில், ஆகவே ஆகமப்படி உள்ளே வரத் தகாதவர்கள் என்பதுதான் வழக்கின் முதுகெலும்பு. கமுதியில் உள்ளே போனவர்கள் யார்? வியாபாரிகள், பணக்காரர்கள். தளையைக் காலில் மாட்டியே பார்க்காதவர்களாகத்தான் பலர் இருந்திருப்பார்கள். ஏறாத காலிலும் தளையைப் பார்த்தது நீதிமன்றம். இடையில் 1899இல் சிவகாசிக் கலவரம். அதையெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சமூகம் எடுத்த வழி வேறு. 1910இல் சங்கம் கண்டார்கள், உறவின்முறை நிதி திரட்டினார்கள், பள்ளிகள் கட்டினார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாணார் என்ற பெயர் போய் நாடார் என்று வந்தது. கள் இறக்குவதைத் தங்கள் தொழிலாக எழுதக்கூடாது என்றும் கேட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். ஆனால் அந்த ஏற்றத்தின்போது கீழே விடப்பட்டது ஒன்று உண்டு. உயர வேண்டுமானால் மரத்தை விட்டு இறங்க வேண்டும் என்று ஆகிப்போனது. இறங்க வழியில்லாமல் தொடர்ந்து ஏறியவர்களைச் சொந்த சாதியே ஒரு படி கீழே வைத்தது. 'மரமேறி' என்ற வசவு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை.

இதே கயிறு வேறு ஊர்களில் யாரை எங்கே கட்டியது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கள் இறக்கும் சாதிக்குப் பாசி என்று பெயர். பட்டியல் சாதி. அந்தப் பெயர் பாசம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று பிரிட்டிஷ் கால இனவரைவியலாளர்கள் எழுதி வைத்தார்கள். பாசம் என்றால் கயிறு, கண்ணி. மரம் ஏறப் பயன்படும் கயிறு சாதியின் பெயராகவே ஆகிவிட்டது! நம்மிடமும் தளை என்றால் விலங்கு என்றுதான் பொருள். சைவ சித்தாந்தி உயிரைக் கட்டுவதைப் பாசம் என்கிறான், பனையேறி காலைக் கட்டுவதைத் தளை என்கிறான். சித்தாந்தியின் பாசம் அறுபடத் திருவருள் இருக்கிறது. பாசிகளுக்குக் கிடைத்ததோ குற்றப்பரம்பரைச் சட்டம். பீகாரில் 2016இல் மதுவிலக்கு வந்தபோது பிழைப்பில் அடி விழுந்தவர்களில் அவர்களும் உண்டு.

அந்தப் பாசிகளிடம் ஒரு கதை இருக்கிறது. 1857 நவம்பர் 16, லக்னோ சிக்கந்தர் பாக். உள்ளே புகுந்த பிரிட்டிஷ் படையினர் ஓர் அரசமரத்தடியில் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டுக் கிடந்தார்கள். குண்டு மேலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து மரத்தை நோக்கிச் சுட்டபோது விழுந்தது ஒரு பெண். அவர்தான் ஊதா தேவி, பாசி குலத்துப் பெண் என்று அந்தச் சமூகம் நினைவு வைத்திருக்கிறது. அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது, வருஷா வருஷம் அந்த நாளில் கூடுகிறார்கள். மரமேறும் சாதி என்று ஏளனம் பேசியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் செய்த நளவர் பஞ்சமர் வரிசையில் வைக்கப்பட்டார்கள், பள்ளர், பறையரோடு. பனையை அடையாளமாகக் கொண்டாடும் மண் அது. கிடுகு, ஓலை, பனாட்டு, ஒடியல், கூழ் என்று பனை இல்லாமல் அங்கே ஒரு நாளும் விடியாது. பனையில் ஏறியவனுக்குக் கோயில் கதவு அடைத்திருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் அதை உடைப்பதற்குத்தான். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பஞ்சமர் என்று ஊருக்கு ஊர் படி மாறுகிறது. காலில் இருந்த கயிறு எங்கும் அதே கயிறுதான்.

அரசாங்கத்துக்கும் இந்தக் கயிற்றின் மேல் எப்போதும் ஒரு கண். வெள்ளைக்காரன் 1886இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் கொண்டுவந்து, மரத்துக்கு இவ்வளவு என்று வரி வாங்கினான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. அதற்கும் முன்னால், காங்கிரசில் இருந்தபோது பெரியார் தன் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பதைத் தியாகமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தியாகம்தான், மறுக்கவில்லை. அந்த மரங்களில் ஏறியவர்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

குடியை நியாயப்படுத்த நான் வரவில்லை. சேரியில் குடி என்ன செய்யும் என்று எங்கள் அம்மாக்களைக் கேளுங்கள். 1971இல் கதவு திறந்தது, 1973இல் கள்ளுக்கடை மூடியது, 1981இல் மறுபடி திறந்தது, 1987 ஜனவரியோடு கள் அடியோடு நின்றது. 2003 முதல் அரசே டாஸ்மாக்கில் சில்லறையாக விற்கிறது. மரத்திலிருந்து இறக்கினால் வழக்கு, ஆலையிலிருந்து இறக்கினால் வருவாய். பதநீர் இறக்குகிறவரும் கலயத்தில் சுண்ணாம்பு சரியாக இருக்கிறதா என்று காக்கிச்சட்டை மோந்து பார்க்கக் காத்து நிற்க வேண்டும். பனை 1978 முதல் மாநில மரம். ஏறுகிறவன் மட்டும் சந்தேகத்துக்குரியவன்.

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறேன். இங்கே கள் பிரச்சினை இல்லை, தேங்காய்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தென்னைக்கு என்ன குறை? மேலூர் பக்கம் தோப்பு தோப்பாக நிற்கும். உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளின் நீளக் கொல்லைகளிலும் நாலைந்து மரம் இருக்கும். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. பெரியப்பா போகும்போது சில நாள் நானும் காய் பொறுக்கப் போவேன். வாசல் வழியாகப் போனதாக ஒரு நாள்கூட நினைவில்லை. கொல்லைப்புறச் சந்துதான் எங்கள் வாசல். மரத்துக்கு மரம் கூலி, அதோடு சில காய். தண்ணீர் கேட்டால் தூக்கி ஊற்றுவார்கள், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்தது மறக்கவில்லை. பெரியப்பா அறுபது அடி உயரத்தில் இருக்கிறார். அந்த வீட்டுக்காரர் கீழே நின்று, மடித்துணி கொடியில் காய்கிறது, உன் நிழல் அதில் விழாமல் அந்தப் பக்கமாகத் திரும்பி வெட்டு என்று கத்தினார். மரத்தின் உச்சியில் தொங்குகிற மனிதன் சூரியனைப் பார்த்து, நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுத் திரும்பினார். அந்த நிலையில் ஒரு கை விட்டுத் திரும்புவது என்றால் என்ன என்று ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். காய் மட்டும் கீழே வந்தால் சுத்தம். தண்ணீர் தெளித்துக்கூட எடுக்கவில்லை, நேராகப் பூஜைக்குப் போனது. நான் பொறுக்கிக் கொடுத்த காய்தான்.

இன்னொரு பக்கம், நம் ஊர்களில் கோகுலாஷ்டமிக்கு வழுக்குமரம் நடுகிறார்கள். எண்ணெய் தடவிய கம்பத்தில் இளைஞர்கள் ஏறிச் சறுக்குகிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. அதே ஏற்றம்தான். விளையாட்டாக ஏறினால் விழா, பிழைக்க ஏறினால் கொல்லைச் சந்து.

கருவி என்று ஒன்று வந்தது ரொம்பத் தாமதமாக. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியில் எம்.ஜே. ஜோசப், அப்பச்சன் என்று அழைப்பார்கள், பள்ளிப் படிப்பை முடிக்காத விவசாயி. காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டம், மரத்தைச் சுற்றி எஃகுக் கயிறு. ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை உயர்த்தி ஏற வேண்டும். அடிப்படை யோசனை தளைதான். பாரம் இறங்க இறங்கக் கயிறு மரத்தை இறுக்கும், மரத்தில் குத்து விழாது. வித்தியாசம் ஒன்றுதான். மார்பு மரத்தில் படாது. அந்த ஒரு வித்தியாசத்துக்கு எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது பாருங்கள். கேரளத்தில் ஏறுவதற்கு ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் கருவி பரவியது. ஆள் கிடைத்த காலம் முழுக்க மார்பு கிடைத்துக்கொண்டிருந்தது.

2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் இந்தக் கருவியில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று திட்டத்துக்குப் பெயர். பெண்களும் கற்றுக்கொண்டார்கள். பயிற்சி, சான்றிதழ், காப்பீடு. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். தமிழக அரசும் பனை ஏறும் கருவியைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது. பனைத் தொழிலாளர்களுக்கு நல வாரியமும் இருக்கிறது. ஆனால் பெரியப்பா போன்றவர்கள் நாற்பது வருஷம் செய்ததும் இதே வேலைதான். அப்போது அவர்களை மரத்தின் நண்பர் என்று யாரும் அழைக்கவில்லை. எங்கள் தெருவில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர் ஒருவர் இருக்கிறார். தோப்புக்காரர் ஒரு மாதம் அரிசி கொடுத்தார், அத்தோடு சரி. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லாததால் எந்த வாரியத்துக்கும் அவரைத் தெரியாது.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஏற ஆள் இல்லை என்று எல்லோரும் குறைப்படுகிறார்கள். நேரில் வந்து கெஞ்சுகிறார்கள், வாசல் வழியாகவே வரச் சொல்கிறார்கள், டம்ளரில் காபி தருகிறார்கள். நம் பிள்ளைகள் போகவில்லை. போகவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். போகிறவன் கருவியோடும் காப்பீட்டோடும், தன் கூலியைத் தானே சொல்லிப் போகட்டும்.

அன்றைக்கு அந்தப் பையன் நகத்தைக் கழற்றிவிட்டு வந்து பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். தளை எப்படி முறுக்குவது என்று கேட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கயிறு எடுத்துவரச் சொல்லி, அவன் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து அளவு பார்த்து, அரைமணி நேரத்தில் ஒன்று முறுக்கிக் கொடுத்தார். அவன் காலில் மாட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகப் பார்த்தான். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏறுறதுக்கு இல்லடா. எப்புடி இருந்துச்சுன்னு பாத்து வெச்சுக்க. அந்த மெசினு இருக்குதாமே, உன் பட்டறையில செய்ய முடியுமா, எவ்ளோ ஆவும், அதக் கேட்டுட்டு வா."

நகமும் தளையும் இப்போது அவன் வீட்டுச் சுவரில் ஒரே ஆணியில் தொங்குகின்றன. மெஷினுக்கு இரும்புச் சட்டம் வெட்டி வைத்திருக்கிறான். எஃகுக் கயிறு இன்னும் வாங்கவில்லை.